"ஆச்சுங்களா தம்பி?": பென்டிரைவ், லினக்ஸ், நான் எழுதிய கருவி

கொழிஞ்சாம்பாறை, ஜெராக்ஸ் கடை:
பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் என் கடை. கடையில் இரண்டு கணினி, இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பென்டிரைவாவது செருகி எடுக்கிறோம்.

போன வருடம் வேலந்தாவளம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் வளைகாப்பு வீடியோ, 700 எம்பி. காப்பி போட்டேன், திரையில் கோடு சில நொடியில் ஓடி முடிந்தது. "ஆச்சுங்களா தம்பி?" "ஆச்சுங்க." அவரே பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பென்டிரைவின் சின்ன விளக்கு அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். மறுநாள் வந்து, "ஒண்ணுமே ஓடலைங்க" என்றார். திட்டியிருந்தாலாவது தேவலை.

லினக்ஸ் எழுதவேண்டியதை முதலில் ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் சாவகாசமாகத்தான் பென்டிரைவுக்கு இறக்கும். மலிவு பென்டிரைவ் நொடிக்கு 5 எம்பி எழுதினால், 700 எம்பிக்கு 140 நொடி ஆகும். நான் பார்த்த கோடு ரேமுக்குப் போன கணக்கு.

சரி, பென்டிரைவை எப்போது எடுக்கலாம் என்று சொல்ல நாமே ஒரு மென்பொருள் கருவி செய்வோம் என்று பைத்தான் நிரல்மொழியில் உட்கார்ந்தேன். மவுண்ட் செய்வது, அதாவது செருகிய டிஸ்க்கைத் திறந்து கோப்புகளைக் காட்டுவது, பெரிய வேலையே இல்லை. டிஸ்க்குகளைக் கவனிக்கும் யுடிஸ்க்ஸ்2 என்ற சேவையிடம், நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகக் கேட்டால் செய்துகொடுத்துவிடும். எப்போது எடுக்கலாம் என்று பொய் இல்லாமல் சொல்வதில்தான் பாடு. அன்மவுண்ட் (திறந்ததை மூடி விடுவிப்பது) கேட்டால், மிச்சத்தை எழுதி முடிக்காமல் பதில் வராது. நல்லதுதான். ஆனால் டி-பஸ் அழைப்பு வழக்கமாக 25 நொடிதான் காத்திருக்கும். முதல் பதிப்பில் அதை நான் கவனிக்கவில்லை. உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையில் 'பிழை' என்று வந்தது. பிழை என்று பார்த்தால் யார்தான் பிடுங்கமாட்டார்கள்? காத்திருப்பு வரம்பை எடுத்துவிட்டேன்.

இரண்டு நிமிடம் திரை அசையாமல் நின்றாலும் ஆள் பொறுக்கமாட்டார். லினக்ஸ் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்புமுறையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'ஸ்டாட்' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் ஏழாவது எண், எழுதிய செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) கணக்கு. ஒரு செக்டர் 512 பைட். அரை நொடிக்கு ஒரு தரம் அதைப் படித்துக் கோட்டை நகர்த்துகிறேன். இப்போது ஓடுவதுதான் நிஜக் கோடு. முடிந்ததும், எடுக்கலாம் என்று பச்சை வட்டம்.

சித்தூர் (பாலக்காடு), ஸ்டுடியோ:
அண்ணா, முதல் பதிப்பில் என் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வரவே இல்லையே, அதையும் சொல்லுங்கள்! 'ரிமூவபிள்' (கழற்றக்கூடியது) என்ற குறி 1 என்று இருப்பதை மட்டும் எடுத்திருந்தீர்கள். பென்டிரைவில் அது 1, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் 0. யுஎஸ்பி போன்ற எந்த இணைப்பில் தொங்குகிறது என்று பார்ப்பதுதான் சரி. அப்புறம் அந்த கார்டு ரீடர் கூத்து. அன்மவுண்ட் ஆனதும் மின்சாரத்தையும் நிறுத்துவது ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லது. ரீடருக்கு அதையே செய்தால் ரீடரே மறைந்துவிடுகிறது. ஒரு கல்யாணத்து கார்டு எட்டையும் ஒவ்வொரு தடவையும் ரீடரைக் கழற்றி மாட்டித்தான் இறக்கினேன்.

தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை பக்கம்:
எங்கள் பள்ளியில், கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் குனு/லினக்ஸ். பிள்ளைகளின் பென்டிரைவுக்குப் பெயர் இருக்காது; மவுண்ட் ஆனதும் ஃபோல்டர் பெயராக எட்டு எண்ணெழுத்து வந்து நிற்கும். யாருடையது எது? தமிழில் பெயர் வைக்கலாம் என்றால், பென்டிரைவில் வழக்கமான ஃபேட்32 கோப்புமுறையில் 11 எழுத்துதான் இடம், அதுவும் தமிழுக்கு ஒத்துவராது. கம்பெனிப் பெயரையும் 'இத்தனை ஜிபி' என்பதையும் காட்டினாலே எனக்குப் போதும் சார். மலையாளத்திலும் வருமா?

கொழிஞ்சாம்பாறை, ஜெராக்ஸ் கடை:
கம்பெனிப் பெயர் அடுத்த பதிப்பில் வரும் டீச்சர். மலையாளத்தைக் குரலாகவே வைத்துப் பார்த்தேன்: முடிந்ததும் "எடுக்காம்" (மலையாளத்தில் 'எடுக்கலாம்') என்று சொல்லும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் காதில் அது "எடுக்காம" என்று விழுந்திருக்கிறது. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குரலை எடுத்துவிட்டேன்.