மறு: ‘ஃப்ளீட் ஆவரேஜ் எமிஷன்’ - ‘விற்பனைச் சராசரி உமிழ்வு’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் விதிகளில் வரும் ‘ஃப்ளீட் ஆவரேஜ் எமிஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு, ‘வாகனப்படைச் சராசரி’, ‘தொகுதிச் சராசரி’, ‘நிறுவனச் சராசரி’ என்று இந்த இழையில் வந்த மூன்று பரிந்துரைகளும் ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து எழுந்தவை என்று எனக்குத் தோன்றுவதால், அந்தச் சொல் குறிக்கும் விதியிலிருந்து தொடங்குகிறேன்.

கார்களுக்கு நம் நாட்டில் இருவகை வரம்புகள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி ஒவ்வொரு மாடலையும் தனித்தனியே கட்டுப்படுத்துகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காரில் 60 மில்லிகிராமையும் டீசல் காரில் 80 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. தாண்டும் மாடலை விற்கவே முடியாது. மற்றதுதான் நம் சொல் குறிக்கும் விதி, அது எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2017-18 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் விற்ற கார்கள் எல்லாவற்றின் கரியமில வாயு அளவையும் கூட்டி, விற்ற எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரிக்கே இங்கு வரம்பு. முதலில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 130 கிராமாக இருந்தது, 2022-23 முதல் 113 கிராமாகக் குறைந்தது. அந்தந்த நிறுவனக் கார்களின் சராசரி எடைக்கேற்ப அது சற்று ஏறி இறங்கும். ஆகவே 200 கிராம் வெளியிடும் பெரிய காரை விற்பது குற்றமன்று. அதை ஈடுகட்டும் அளவுக்குச் சிறிய கார்களையோ மின்கார்களையோ அதே நிறுவனம் விற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு சொல்லில் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குன்னூரில் நேரிலேயே கண்டேன். ‘113 கிராம் உமிழ்வு வரம்பு’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், “அப்படியென்றால் என் வண்டியைக் கல்லாறிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா, சார்?” என்று மலையடிவாரச் சோதனைச் சாவடியை நினைத்துக் கேட்டார். இ-பாஸையும் புகைச் சான்றையும் காட்டிப் பழகிய மலைப்பாதைக்காரருக்கு வரம்பு என்றாலே சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். அவர் கேட்டதில் பிழையில்லை. என் சொல்லில்தான் பிழை.

‘படை’ போருக்குரியது, கப்பற்படையிலிருந்து காருக்கு அதை இழுத்துவர வேண்டியதில்லை. ‘தொகுதி’ என்றால் தேர்தல் நினைவு வரும். ‘நிறுவனச் சராசரி உமிழ்வு’ இவற்றைவிடக் கேடானது, ஏனெனில் அது தொழிற்சாலைப் புகைபோக்கியைச் சுட்டுவதாகவே படிக்கப்படும். அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ‘கஃபே’ (கார்ப்பரேட் ஆவரேஜ் ஃப்யூயல் எகானமி) என்ற சுருக்கத்தை அப்படியே ஒலிபெயர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஊட்டியில் அது எத்தனை காப்பிக்கடைகளைக் குறிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் விரிவில் வரும் ‘எகானமி’யை ஒருவர் ‘பொருளாதாரம்’ என்று பெயர்த்திருந்தார். அங்கே அதன் பொருள் சிக்கனம்.

என் பரிந்துரை ‘விற்பனைச் சராசரி உமிழ்வு’. இதற்கான எண்ணம் தேயிலையிலிருந்து வந்தது. குன்னூர் ஏலத்தில் விற்ற தூளின் சராசரி விலையை வைத்துப் பச்சைத் தேயிலைக்கு மாத விலை கணக்கிடுவதை இங்குள்ள சிறு விவசாயிகள் நன்கு அறிவார்கள். ஒரு மூட்டை அதிக விலைக்குப் போனதால் மட்டும் சராசரி உயராது, எந்த விலைக்கு எத்தனை கிலோ விற்றது என்பதே முக்கியம் என்பது அவர்களுக்குப் பாடமாகத் தேவையில்லை. கார்க் கணக்கும் அதே கணக்கு.

‘விற்பனைச் சராசரி’ என்றால் சராசரி விற்பனை என்று மயங்கலாமே என்ற ஐயம் நியாயமானது. பின்னால் வரும் ‘உமிழ்வு’ அந்த மயக்கத்தைப் பெருமளவு தீர்க்கிறது. உமிழ்வு எச்சிலை நினைவூட்டுகிறது என்ற ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை, எரிமலையும்தான் உமிழ்கிறது.

சராசரி கணக்கிடும்போது ஒரு மின்காரைப் பல கார்களாக எண்ணும் சலுகையான ‘சூப்பர் கிரெடிட்’டுக்கு ‘சிறப்பு வரவு’ வேண்டாம். அது வங்கிக் கணக்குச் சொல். கிலோமீட்டருக்கு 120 கிராம் வெளியிடும் 9000 கார்களையும் 1000 மின்கார்களையும் ஒரு நிறுவனம் விற்றால் உண்மைச் சராசரி 108 கிராம். விதிப்படி ஒவ்வொரு மின்காரையும் மூன்றாக எண்ணுவதால் வகுக்கும் எண் 12,000 ஆகிச் சராசரி 90க்கு இறங்குகிறது. சாலையில் ஒரு கிராம்கூடக் குறையாமல் ஏட்டில் 18 கிராம் குறைகிறது. நடப்பதை ஒளிக்காமல் சொல்லும் ‘மடங்கு எண்ணல்’ இதற்குப் போதும்.

வரையறையில் ‘ஆய்வகத்தில் அளந்த’ என்ற அடையையும் சேர்க்கக் கோருகிறேன். அந்தக் கிராம் கணக்கு உருளைகள்மேல் காரை ஓட்டி எடுத்தது. குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு ஏற்றத்தில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் காரின் கணக்கன்று.

சுருக்கக் குறியீடு கேட்ட நண்பருக்கு: முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘விசஉ’ என்று வருகிறது. நஞ்சு வாடை அடிப்பதால் முழுச்சொல்லையே எழுதுவோம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து