ஹாரி பாட்டர் இரண்டாம் பாகம், எட்டு வயசுப் பிள்ளைக்குக் காட்டலாமுங்களா?

பவானிக்கரை:
முழுப்பரீட்சை லீவுக்கு கோபி பக்கம் அப்புச்சி தோட்டத்துக்கு வந்திருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. முதல் பாகத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டாள், இப்போது அந்த மந்திரப் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருசம் என்ன ஆச்சு என்று ஒரே நச்சரிப்பு. இதில் பெரிய பாம்பு வருமாமே. இங்கே போன வாரம்தான் கட்டுத்தரை ஓரமாக ஒரு சாரை போனது, அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் தனியாக வாசலுக்குக்கூட வரமாட்டேன் என்கிறாள். காட்டலாமுங்களா, அடுத்த வருசத்துக்குத் தள்ளிவிடவா?

ஊத்துக்குளி வெண்ணெய்:
தாராளமாகக் காட்டுங்க. முதல் பாகம் எடுத்த கிறிஸ் கொலம்பஸ்தான் இதற்கும் இயக்குநர், 2001, 2002 என்று அடுத்தடுத்த வருசம் வந்தவை. பறக்கிற கார் ஒன்று போதும் பிள்ளைகளுக்கு. அப்புறம் டாபி என்கிற குட்டிப் பூதம் தன் தலையைத் தானே முட்டிக்கொள்கிற இடத்தை என் பையன் ஒரு வாரம் நடித்துக் காட்டினான், அலமாரிதான் பாவம்.

பல்லடத்துக்காரி:
அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாதுங்க. பெரிய பாம்பு கடைசியில்தான் வரும், அதுவரை சுவருக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்கும். ராத்திரி தூங்க விடாதது அந்தக் குரல்தான், அதுவும் ஓட்டு வீட்டில் மேலே எலி ஓடினால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, காட்டுக்குள் சிலந்திக் கூட்டம். என் மகள் பாம்புக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தாள், சிலந்திக்குத்தான் என் முந்தானைக்குள் போனாள்.

நான் செய்தது, முதலிலேயே கதையைக் கொஞ்சம் உடைத்துவிட்டேன். அந்தப் பாம்பின் கண்ணை நேராகப் பார்த்தால்தான் சாவு. பூனை பார்த்தது தரையில் கிடந்த தண்ணீரில், ஒரு பையன் கேமரா வழியாக, ஹாரியின் தோழி ஹெர்மயனி கண்ணாடியில், அதனால் கல்லாட்டம் விறைத்துப்போகிறார்களே தவிர யாரும் சாகவில்லை, கடைசியில் எழுந்துவிடுவார்கள். இதைச் சொன்னதும் அடுத்து விறைக்கப்போவது யார், எது வழியாகப் பார்த்தார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தாள். படம் 161 நிமிசம், இந்த வரிசையிலேயே நீளமானது. ஹாரிக்கு ஒரு பழைய டைரி கிடைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு மிச்சத்தை மறுநாள் பகலில் போடுங்க.

காங்கயம் காளை:
தோட்டத்தில் சேவல் இருக்குமே? புத்தகத்தில் ஒரு விசயம் உண்டு, சேவல் கூவுகிற சத்தம் அந்தப் பாம்புக்கு எமன். அதனால்தான் பள்ளிக்கூடத்துக் காவல்காரர் ஹாக்ரிட் வளர்த்த சேவல்களை யாரோ கொன்றுபோடுகிறார்கள். இதைப் பாப்பாவிடம் சொல்லி வையுங்க. அப்படியே இதையும், தலைமை ஆசிரியர் டம்பிள்டோராக வந்த ரிச்சர்ட் ஹாரிஸுக்கு இதுதான் கடைசி பாகம், 2002 அக்டோபரில் இறந்துவிட்டார், படம் நவம்பரில் வந்தது. மூன்றாவதிலிருந்து மைக்கேல் காம்பன். எங்கள் வீட்டில் "தாத்தா ஏன் மாறிட்டார்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பாதிப் படம் போச்சு.

பவானிக்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று டைரி வரைக்கும் பார்த்தோம். படுக்கும்போது சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள், நான் கண்டுகொள்ளவில்லை. விடிகாலை அப்புச்சியின் சேவல் கூவியது, "அம்மா, செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிலந்தி இன்றைக்குத்தான்.