கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பவளத் தொட்டியின் பீஎச் 8.7 வரை ஏறுகிறது

கல்லடிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் 200 லீற்றர் பவளத் தொட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பண்ணையில் வளர்த்த மென்பவளங்களும் ஒரு சோடி கோமாளி மீன்களும் அதில் உள்ளன. மாரி காலத்தில் காலையில் 8.1, மாலையில் 8.3 என்றிருந்த பீஎச் (நீரின் அமில, கார நிலையின் அளவு), வறண்ட வெப்பக் காற்றான கச்சான் வீசத் தொடங்கிய பின்னர் மாலையில் 8.7 ஆகிறது, விடியற்காலையிலும் 8.5 இற்குக் கீழே இறங்குவதில்லை. காரத்தன்மை 8 இலிருந்து 12 டீகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) ஆகிவிட்டது. மோட்டரின் விசிறியில், கேத்தலின் அடியில் பிடிப்பதைப் போன்ற வெள்ளைப் படிவைக் காண்கிறேன். ஆவியாகும் நீருக்கு ஈடாக, பவளங்களுக்குக் கல்சியம் கிடைக்கவென்று தெளிந்த சுண்ணாம்பு நீரே மிதவை வால்வு வழியாக இறங்குகிறது. வினாகிரி ஊற்றினால் பீஎச் குறையும் என்று ஒருவர் சொன்னார். ஊற்றலாமா?

கல்முனை மீன்தொட்டி:
வணக்கம் தம்பி. வினாகிரியை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் பீஎச் மானியை, பீஎச் 7, 10 என நிலையாக இருக்கும் இரண்டு தாங்கற் கரைசல்களிலும் அளவுதிருத்தம் செய்து பாருங்கள். அதன் பிறகு, நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் சுண்ணாம்பு நீர் இறங்குகிறது என்பதை அளந்து எழுதுங்கள்.

கல்லடிக்கரை:
திருத்திய பின்னர் மாலை அளவு 8.6. வாளியில் கோடிட்டு அளந்ததில் நாளொன்றுக்கு 4 லீற்றர் இறங்குகிறது. மாரியில் ஒன்றரை லீற்றர்கூடச் செலவானதில்லை.

கல்முனை மீன்தொட்டி:
காரணம் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் பீஎச் 12 இற்கும் மேல். அதில் ஒரு லீற்றர், உங்கள் தொட்டியின் காரத்தன்மையை அரை டீகேஎச்சுக்குச் சற்று அதிகமாக உயர்த்தும். கச்சான் காற்று நீரை உறிஞ்ச உறிஞ்ச, நீங்கள் அறியாமலே சுண்ணாம்பின் அளவும் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. மென்பவளங்களோ கல்சியத்தை மிகக் குறைவாகவே எடுப்பவை. மிஞ்சியதே மோட்டரில் படிகிறது. சுண்ணாம்பு நீரிலுள்ள ஐதரொட்சைட்டு, தொட்டி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொள்ள, பகலில் ஒளித்தொகுப்பும் அதையே எடுப்பதால் மாலையில் பீஎச் உச்சத்துக்குப் போகிறது.

இன்றே சுண்ணாம்பை நிறுத்தி, ஆர்.ஓ. நீரை (வடிகட்டி உப்பு நீக்கிய நீரை) மட்டும் விடுங்கள். நம் கரையோர மணற்கிணற்று நீர் வேண்டாம். அதில் கரைந்துள்ள உப்புகள் ஆவியாகாமல் தொட்டியிலேயே சேரும். காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல் ஒன்றையும் போடுங்கள். பூட்டிய அறையில் பீஎச்சை உயர்த்துவதற்காகக் காற்றோட்டத்தைச் சொல்வார்கள், ஆனால் பீஎச் இவ்வளவு உயர்ந்த நீருக்கு வெளிக்காற்று காபனீரொட்சைட்டைத் திருப்பிக் கொடுத்துச் சற்று இறக்கவே செய்யும். வினாகிரியோ காரத்தன்மையைக் குறைப்பதில்லை. வினாகிரியை உண்டு பெருகும் பற்றீரியாக்கள், வெப்பத்தால் ஏற்கெனவே குறைந்திருக்கும் ஒட்சிசனை இரவில் மேலும் குறைத்துவிடும். மீன்களை இழக்கக்கூடிய வழி அது.

பாசிக்குடா அலை:
மேலே கூறப்பட்டதுடன் முழுமையாக உடன்படுகிறேன். வாரத்துக்கு ஒரு முறை 20 லீற்றர் நீரை மாற்றினால் காரத்தன்மை மெதுவாக இறங்கும். இயற்கைக் கடல்நீரில் அது ஏறத்தாழ 7 டீகேஎச் மட்டுமே. கடல்நீர் எடுப்பதானால் முகத்துவாரத்தைத் தவிர்த்து, திறந்த கடற்கரையில் எடுங்கள். மாரியில் வாவியின் நன்னீர் கலந்து உவர்த்தன்மை வெகுவாகக் குறையும் என்பதால், அக்காலத்தில் அளந்து பாராமல் எடுக்கவே கூடாது. மோட்டரைக் கழற்றி, நீர் கலந்த வினாகிரியில் ஊறவைத்துக் கழுவிய பின் பூட்டுங்கள். வினாகிரிக்கு அங்கே வேலை உண்டு.

கல்லடிக்கரை:
மூன்று வாரங்களின் பின் எழுதுகிறேன். மாலையில் 8.4, விடியலில் 8.2, காரத்தன்மை 10. சுருங்கிக் கிடந்த மென்பவளங்கள் நேற்றுக் காலையில் முழுவதுமாக விரிந்திருந்தன. காரத்தன்மை 8 இற்கு வந்த பின்னர், சுண்ணாம்பு நீரைத் தனிப் போத்தலில், நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேற்படாமல், இரவில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட எண்ணுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.