கிளிசரின் சோப்பின் மேல் நீர்த்துளிகள்: காரணம் என்ன, மீட்க முடியுமா?

செங்காங் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். தீபாவளிக்கு அண்டை வீட்டாருக்குப் பலகாரத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில், உருக்கி அச்சில் ஊற்றும் கிளிசரின் சோப் பேஸ் வாங்கி வீட்டிலேயே சோப்பு செய்யத் தொடங்கியிருக்கிறேன். பேஸைத் துண்டு போட்டு மைக்ரோவேவில் உருக்கி, தேக்காவில் வாங்கிய மஞ்சள் தூளையும் மல்லிகை வாசனை எண்ணெயையும் கலந்து, சிலிகான் அச்சில் ஊற்றி, சீக்கிரம் இறுகட்டும் என்று குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். எடுத்தபோது பளபளப்பாக இருந்த கட்டிகள், சமையலறை மேசையில் ஓர் இரவு இருந்த பிறகு, வியர்த்த நெற்றியைப் போல நுண்ணிய நீர்த்துளிகளுடன் பிசுபிசுக்கின்றன. போதாக்குறைக்கு, மஞ்சள் நிறம் வர வேண்டிய இடத்தில் செங்கல் நிறம் வந்திருக்கிறது. தூளில் பாதி அடியில் படிந்துவிட்டது. சோப்பு கெட்டுவிட்டதா?

பிடோக் கைவினை:
கெடவில்லை, கவலை வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், அல்லது முடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடு காட்டுங்கள், காய்ந்துவிடும்.

தோ பாயோ சோப்புக்காரர்:
கெடவில்லை என்பது சரி; மற்ற யோசனைகளை நான் ஏற்கவில்லை. முடி உலர்த்தியின் சூட்டில் சோப்பின் மேற்பரப்பே இளகிவிடும். ஈரமான காற்றை மின்விசிறியால் வீசினால் மேலும் ஈரம்தான் வந்து சேரும்.

அந்தத் துளிகள் முக்கியமாகக் காற்றிலிருந்து வந்தவை. கிளிசரினுக்குக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. தோலுக்கு அது நல்லது என்று சொல்லப்படுவதும் அதனால்தான். சிங்கப்பூரில் மழையில்லாத நாளில் பிற்பகல் ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கினாலும், விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் மூடாமல் மேசையில் இருந்த கட்டி வியர்க்காமல் இருந்தால்தான் வியப்பு. குளிர்பதனப் பெட்டி நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது, ஏனெனில் குளிர்ந்த கட்டியை வெளியே எடுத்ததும், குளிர்பானப் புட்டியில் நடப்பதைப் போலவே அதன் மேல் ஈரம் படிகிறது. கிளிசரின் அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே அடுத்த முறை அறை வெப்பத்திலேயே சில மணி நேரம் இறுக விடுங்கள். அச்சிலிருந்து எடுத்த கையோடு, காற்று இடைவெளியே இல்லாதபடி கிளிங் ராப்பால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். தாளிலோ துணிப்பையிலோ மட்டும் போட்டால் பயனில்லை; அழகுக்குத் தாள் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கின் மேல் சுற்றலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமையலறை பெரும்பாலும் ஈரமான இடம் என்பதால், படுக்கையறையில் குளிர்சாதனத்தை ‘டிரை’ முறையில் ஓடவிட்டு அங்கே வைத்து இந்த வேலையைச் செய்வது நல்லது.

உருக்கும்போதும் பொறுமை தேவை. மைக்ரோவேவில் முதலில் 30 விநாடி, பிறகு பத்துப் பதினைந்து விநாடியாக, இடையிடையே கிளறி உருக்குங்கள். கொதிக்க விட்டால் பேஸில் உள்ள நீர் ஆவியாகி, சோப்பு ரப்பர் போலாகி நிறமும் பழுக்கும்.

ஜூரோங் மூலிகை:
நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சோப் பேஸ் இலேசான காரத்தன்மை கொண்டது. மஞ்சளிலுள்ள நிறப்பொருளான குர்க்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் ஆரத்தி கரைப்பதும் இதே வேதியியல்தான். போதாததற்கு, வெளிச்சம் பட்டால் அந்த நிறம் வெளுத்துக்கொண்டே போகும். ஆகவே தூய மஞ்சள் நிறம்தான் வேண்டுமென்றால், அழகுசாதனத்துக்குரிய மஞ்சள் மைக்கா தூளை (மினுமினுக்கும் கனிம நிறத்தூள்) நாடுங்கள். மஞ்சள் தூளையே விரும்பினால், 500 கிராம் பேஸுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் பூத்துவாலையும் மஞ்சளாகும். தூளைச் சிறிது கிளிசரினில் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்த்து, பேஸ் 50 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறிச் சற்றுக் கெட்டியாகும் வரை கிளறிவிட்டு ஊற்றினால் அடியில் தங்குவது பெரிதும் குறையும்.

வாசனை எண்ணெய் தோலில் பயன்படுத்தத் தக்கது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அறைக்கு மணமூட்டும் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

செங்காங் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. புட்டியைப் பார்த்தேன், தோலுக்கு உகந்தது என்றே எழுதியிருக்கிறது. வியர்த்த கட்டிகளை மீண்டும் உருக்கலாமா? அடுத்த முறை பாண்டான் இலைச் சாறும் சேர்க்க எண்ணியிருக்கிறேன்.

தோ பாயோ சோப்புக்காரர்:
தாராளமாக உருக்கலாம். துளிகளை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, குளிர்சாதன அறையில் சிறிது நேரம் ஆற விட்டு, துண்டு போட்டுக் கிண்ணத்தை மூடி உருக்குங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் வாசனை சற்றுக் குறையும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆனால் மொத்த அளவு 500 கிராமுக்குப் பத்துக் கிராமைத் தாண்ட வேண்டாம், விற்பவர் சொல்லும் உச்ச அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். உருக்க விருப்பமில்லையென்றால் துடைத்துவிட்டு நீங்களே குளிக்கப் பயன்படுத்துங்கள். நுரைக்கு ஒரு குறையும் இருக்காது.

பாண்டான் சாறு மட்டும் வேண்டாம். பச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் கற்றாழைச் சோறும் இந்த வகைச் சோப்பில் எளிதில் கெட்டுவிடும், பூஞ்சையும் பிடிக்கலாம். உங்கள் அண்டை வீட்டார் தீபாவளிக்கு வாங்கியதைப் பொங்கலுக்குத்தான் பிரிப்பார்கள்.