வெள்ளெலியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்க

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

எங்க ஊர் முழுக்க மணல். ராத்திரி கடலைக்கொல்லைக்கு மோட்டார் போடப் போனப்போ டார்ச் வெளிச்சத்துல ஒண்ணு குறுக்கே போச்சு. ஓடலை, பின்னங்காலை உந்தித் தாவுச்சு. சவுக்கு வேர்கிட்ட நின்னு திரும்பிப் பார்த்தது. பெரிய கருங்கண்ணு, பளிச்சுன்னு வெள்ளை வயிறு, உடம்பைவிட நீளமான வாலு, வால் நுனியில கறுப்பு முடிக்கொத்து. அவ்வளவு அழகான எலியை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்லை. மறுநாள் கொல்லையில வேலை செய்யுற பெரியவர் அதோட வளையைக் காட்டினார். ஒரு கிளை மேல்மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே முடியுது. பாம்பு உள்ளே நுழைஞ்சா அந்த மண்ணை முட்டித் திறந்து வெளியே பாயுமாம்.

திருத்துறைப்பூண்டி, முன்னாள் ராணுவம்:

ஜெய்சல்மேர்ல இருந்தப்போ தார்ப் பாலைவன எலியைத் தினமும் பார்ப்பேன். நம்ம வெள்ளெலிக்கு அது பங்காளி. ஆனா வெள்ளெலி ராத்திரி நடமாடும், அது பட்டப்பகல்ல. குளிர்காலத்துல வெயில் ஏறினதும் ஒரே மேட்டுல வளைக்கு வளை தலை நீட்டும். வயிறு இந்த வெள்ளை இல்லை, மங்கின மஞ்சள். தண்ணி குடிச்சு நான் பார்த்ததே கிடையாது. விதையிலயும் இலையிலயும் இருக்கிற ஈரமே அதுக்குப் போதும். சிறுநீரகம் தண்ணியை விடாம இழுத்து வெச்சுக்கிட்டு மூத்திரத்தைக் கெட்டியா வெளியேத்தும். அந்த மண்ணுல வேற எப்படிப் பிழைக்கிறது!

மன்னார்குடி:

இங்கே சம்பா கதிர் வாங்கும்போது மூங்கில் கிட்டி (எலிப்பொறி) வைக்கிறவங்க வருவாங்க. விழுறது பெரும்பாலும் கரம்பை எலி. கதிரை அறுத்து வளைக்குள்ள சேர்க்கிறது அதுதான், வாசல்ல புதுமண் குவிஞ்சு கிடக்கும். வெள்ளெலி இருக்கிறது காய்ஞ்ச திடல்ல. அதுவும் பயிரைக் கடிக்கும், இல்லேன்னு சொல்லலை. அதுக்காகத் திடல்ல கண்ட வளையிலெல்லாம் விஷம் வைக்கிறது எனக்குச் சுத்தமா ஒப்பலை. செத்த எலியைத் தின்னு கூகையும் சாகும். ராத்திரி பூரா நமக்காக எலி பிடிக்கிற பறவை அது. நடவு முடிஞ்சதும் வயல்ல டி வடிவக் குச்சி நட்டு வைங்க, வந்து உட்காரும். பால் பிடிக்கிற நேரத்துல மறக்காம பிடுங்கிடணும், இல்லேன்னா நெல் தின்ற குருவிங்க அதுல வந்து உட்காரும்.