கார் கதவுக் கண்ணாடி உடைந்து மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: என்னுடையது முதலில்

மன்னைக்காரன்:

எங்கள் வீட்டு எஸ்யூவியின் இடது பின்கதவுக் கண்ணாடி உடைந்து, புதிது போட்டாகிவிட்டது. ஜெர்மன் வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. நம் பக்கம் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் ஏதாவது உடைந்தால் எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துக் காலிமனையில் புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து வந்து பட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. கண்ணாடி முழுக்க ஒரு நொடி வெள்ளையாகி, பொலபொலவென்று கொட்டிவிட்டது. மெஷின் ஓட்டிய பையன் முகம் வெளுத்து நின்றான். அவனை என்ன சொல்வது? தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னோம்.

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட் வகை. நன்றாகச் சூடாக்கி, மேற்பரப்பைக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்துச் செய்வது. வெளித்தோல் இறுகியிருக்கும், நடுப்பகுதி இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு புள்ளியில் தோல் உடைந்தால் மொத்தமும் போய்விடும். கத்தி போலக் கிழிக்காமல் கல்கண்டு மாதிரித் துண்டு துண்டாக உதிர்வது நம் நல்லதுக்குத்தான். ஆனால் அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன என்பதில்தான் மற்ற வேலை எல்லாம் இருக்கிறது. பாதிக்கு மேல் கதவுக்குள்ளேயே விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உடைந்தவுடன் முதலில் போட்டோ எடுங்கள், கூட்டிப் பெருக்கும் முன்பே. அப்புறம் அந்தக் கதவின் கண்ணாடி ஸ்விட்சை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் மோட்டார் மிச்சத் துண்டுகளையும் சேர்த்து இழுத்து ரப்பர் பள்ளத்தில் அரைத்துவிடும். மூடுவதற்கு நெல் மூடும் தார்ப்பாயை விடக் கெட்டியான பாலித்தீன் ஷீட் நல்லது. கதவின் மேல் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக மடித்துக் கதவைச் சாத்தினால் ஷீட்டைக் கதவே பிடித்துக்கொள்ளும். பிரவுன் டேப்பை நேராகப் பெயிண்ட் மேல் ஒட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் பசை இளகி ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பாலிஷையும் கெடுக்கும். பெயிண்டர்கள் வைத்திருக்கும் காகித டேப் போதும்.

கண்ணாடி வாங்கும்போது சேஸ் நம்பரைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஒரே மாடலில்கூடப் பச்சைச் சாயல், கறுப்புச் சாயல், இரண்டடுக்கு என்று வகைவகையாக வருகிறது. எதிர்ப்பக்கக் கதவுக் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். டெம்பர்டா, லேமினேட்டடா (நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்த இரண்டடுக்கு) என்று அதிலேயே இருக்கும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் 1 என்ற எண்ணும் இருந்தால் ஜெர்மனியில் ஒப்புதல் வாங்கியது. இந்தியத் தயாரிப்பு என்றால் ஐ.எஸ். 2553 என்று இருக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். கிடைக்கும்தான், விலையும் குறைவுதான். ஆனால் வேறு நாட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் பின்கதவுக் கண்ணாடி மிகவும் கறுப்பாக இருக்கலாம். இங்கே பக்கக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும். ஃபிலிம் ஒட்டாத கண்ணாடியாக இருந்தாலும் அந்த விதி விதிதான். நான் புதிதாகவே ஆர்டர் கொடுத்தேன்.

பொருத்தியது தஞ்சாவூரில், கார் கண்ணாடி மட்டுமே பார்க்கும் ஒரு கடையில். அந்த ஃபிட்டர் வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றி வைத்தார். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஸ்க்ரூ. ஓரம் முழுக்க கிளிப். உள்ளே கறுப்புப் பசை போட்டு ஒட்டிய ஷீட். அதைக் கத்தியால் அறுக்காமல், ஹீட் கன்னால் பசையை இளக்கி, கிழியாமல் உரித்தார். வாக்யூம் போட்ட பிறகும் நிறுத்தவில்லை. விரலில் துணியைச் சுற்றிக் கண்ணாடி ஓடும் பள்ளத்தை மேலிருந்து கீழ்வரை தடவி, ஒட்டியிருந்த துகளை எல்லாம் எடுத்தார். அங்கே ஒரே ஒரு துண்டு இருந்தாலும் புதுக் கண்ணாடியில் நெடுக்கக் கோடு விழும் என்றார்.

கடைசியில் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்துக் கதவுக்குள் ஊற்றினார். கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும், மழைநீர் வடிவதற்கு. ஒரு துளையில் மட்டும் தண்ணீர் வரவில்லை. குச்சியால் குத்தியதும் கண்ணாடித் துகளோடு கொட்டியது. மறுபடி ஊற்றினார். எல்லாத் துளையிலும் வடிந்த பிறகுதான் புதுக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

ஐப்பசி கார்த்திகை மழை நமக்குத் தெரியாததா? கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வடியாமல் நின்றால் கதவு உள்ளிருந்தே துரு பிடிக்கும். கண்ணாடி எங்கே வாங்கினாலும் சரி, இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் டோர் பேடை மாட்ட விடாதீர்கள்.

நாகை அக்கா:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களுக்கு இரண்டு கண்ணாடி போனது. வேளாங்கண்ணித் திருவிழாச் சமயம், கூட்டத்துக்காகக் கொஞ்சம் தள்ளி ஒதுக்குப்புறமாக வண்டியை நிறுத்தியிருந்தோம். திரும்பி வந்தால் முன்கதவுக் கண்ணாடி விரிசல் விட்டு அப்படியே நிற்கிறது, பின்கதவுக் கண்ணாடி மொத்தமாகக் கொட்டிக் கிடக்கிறது, சீட்டில் இருந்த பையைக் காணோம். முன்பக்கம் லேமினேட்டட் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் ஏடு இருப்பதால் அடித்தும் விடவில்லை. அதனால் திருடன் பின்கதவுப் பக்கம் போயிருக்கிறான்.

போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். திருட்டு என்றால் இன்சூரன்ஸுக்குப் போலீஸ் புகார் வேண்டும், உடனே கொடுத்துவிடுங்கள். முன்கதவுக் கண்ணாடி வருவதற்குத்தான் நாளானது, பின்கதவுக் கண்ணாடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. காற்றுச் சத்தம் உள்ளே வராமல் இருக்க இந்த வண்டிகளில் முன்கதவுக்கு லேமினேட்டட் போடுகிறார்களாம்.

நாங்கள் கடலோரம். உப்புக்காற்றில் சைக்கிள் செயினே இருக்க மாட்டேன் என்கிறது. கதவுக்குள் ஈரம் தங்கினால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தை சீட்டை வெளியே எடுத்து, உறையைக் கழற்றி உதறுங்கள். பெல்ட் மாட்டும் பக்கிளுக்குள்கூடத் துகள் இருந்தது. துளைபோட்ட தோல் சீட் என்றால் துணியால் தேய்க்காதீர்கள், பொடி துளைக்குள் இறங்கிவிடும். அகல டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தோம். பேரப்பிள்ளை உட்காரும் இடம், மனசு கேட்கவில்லை, திரும்பத் திரும்பச் செய்தோம்.

மாயவரம் சர்வேயர்:

இன்சூரன்ஸ் பக்கம் நான் சொல்கிறேன், என் வேலையே அதுதான். வழக்கமான முழுப் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் பிடிப்பார்கள், ஆகவே பீடிங், கிளிப் பில்லில் பாதி உங்கள் கையிலிருந்து. தேய்மானமே பிடிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருந்தால் அதுவும் இல்லை. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம் 2,000 ரூபாய், அது எப்படியும் உண்டு.

பலர் யோசிக்காத இடம் என்.சி.பி., அதாவது நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாமல் போன வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி ஏறும். அது சொந்த டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியில் மட்டும் கிடைப்பது. ஆனால் விலை உயர்ந்த வண்டியில் அந்தப் பிரீமியமே பெரிய தொகை. ஒரு பின்கதவுக் கண்ணாடிக்காகக் கிளெய்ம் போட்டு 50 சதவீதத்தை இழந்தால், அடுத்த வருடம் கண்ணாடி விலையை விட அதிகமாகக் கட்ட நேரலாம். என்.சி.பி. பாதுகாப்பு சேர்த்திருக்கிறீர்களா, கண்ணாடிக்கு மட்டும் விலக்கு இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள். கிளெய்ம் போடுவதாக இருந்தால் வேலையைத் தொடங்கும் முன் தகவல் கொடுக்க வேண்டும். மாட்டிய பிறகு வந்து பில்லை மட்டும் நீட்டினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு:

கஜா அடித்த 2018 நவம்பரில் எங்கள் தோப்பில் மரங்களோடு சேர்ந்து கார் கண்ணாடியும் போனது. அப்போது கண்ணாடியைப் பற்றி நினைக்கவா தோன்றும், விடுங்கள்.

அக்கா சொன்ன லேமினேட்டட் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்ல வேண்டும். நாம் தினமும் ஓட்டுவது ஆற்றங்கரை, வாய்க்கால்கரைச் சாலைகளில். தஞ்சாவூரிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் புது ஆறு கூடவே வரும். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் கரை தொட்டு ஓடும். கார் தண்ணீரில் இறங்கி, கதவு திறக்க முடியாமல் போனால் கண்ணாடியை உடைத்துத்தான் வெளியே வர வேண்டும். அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-ல் இதற்கென விற்கும் ஆறு கருவிகளைச் சோதித்துப் பார்த்தது. நான்கு கருவிகள் டெம்பர்ட் கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை.

ஆகவே உங்கள் வண்டியில் எந்தக் கதவு எந்த வகை என்று இன்றைக்கே மூலை முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், முக்கியமாக டிரைவருக்கு. டெம்பர்ட் கண்ணாடியில் நடுவில் குத்தாமல் ஓரத்தில், மூலைக்குப் பக்கத்தில் குத்த வேண்டும். வண்டி மிதக்கும் முதல் சில நொடிகளில் ஸ்விட்ச் வேலை செய்தால் கண்ணாடியை இறக்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

தஞ்சாவூர் ஃபிட்டர்:

நான் வேறு கடை, ஆனால் அந்த அண்ணன் ஷீட்டைக் கிழியாமல் உரித்தாரே, அதன் காரணத்தைச் சொல்கிறேன். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. இன்னொன்று, பல ஐரோப்பிய வண்டிகளில் பக்க ஏர்பேகுக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள் இருக்கும். பக்கவாட்டில் அடிபட்டுக் கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் சட்டென்று ஏறும், அதை வைத்துத்தான் ஏர்பேக் விரியும். உள்பக்கம் ஓட்டையும் கிழிசலுமாக இருந்தால் அந்த அழுத்தம் சரியாக ஏறாது. பேக்கிங் டேப் ஒட்டிச் சமாளிப்பதை நானே பல வண்டிகளில் பிரித்துப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். கிழிந்துவிட்டால் புது ஷீட் வாங்கச் சொல்லுங்கள், அல்லது முறையான பியூட்டைல் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். கனெக்டரைக் கழற்றும்போது இக்னிஷன் ஆஃபில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏர்பேக் எச்சரிக்கை லைட் எரிய ஆரம்பித்துவிடும், பிறகு ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்க வேண்டும்.

குடந்தை எஸ்யூவி:

எனக்கும் போன மாதம் மாற்றினார்கள். கண்ணாடி மேலே போய் முட்டியதும் தானாகப் பாதி இறங்கிவிடுகிறது. எண்பதில் போனால் விசில் மாதிரிச் சத்தமும் வருகிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது அண்ணே?

மன்னைக்காரன்:

மோட்டாருக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். கை மாட்டிக்கொண்டால் கண்ணாடி தானாக இறங்கும் வசதி இந்த வண்டிகளில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி மாட்டினால், அல்லது பேட்டரியைக் கழற்றினால், மேல் எல்லை எது என்பது அதற்கு மறந்துவிடும். பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, ஸ்விட்சை மேல்நோக்கி இழுத்தபடியே சில நொடி பிடித்திருந்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். உங்கள் மாடலுக்கான முறை வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். எனக்கும் ஃபிட்டர் இதைத்தான் செய்து காட்டினார்.

விசில் சத்தம் வேறு விஷயம். கண்ணாடியைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போது கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தால் மேல் ரப்பரில் ஒரு பக்கம் உட்காராது. மேலே வந்து முட்டித் திரும்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஏதாவது ரூபாய் நோட்டைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்து ஏற்றி, இழுத்துப் பாருங்கள். மேல் விளிம்பு முழுக்க இப்படியே. எங்கே லேசாக உருவிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் இடைவெளி. அந்த இடத்தை மார்க் செய்து கொண்டுபோய்க் காட்டுங்கள், போல்ட்டைத் தளர்த்திக் கண்ணாடியை நேராக உட்காரவைத்து இறுக்கித் தருவார்கள். டோர் பேடைத் திறக்கும்போது மறக்காமல் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.