சான்டா அனிட்டா கவர்: முகாம் கடிதத்துக்கு எதற்கு ஸ்டாம்ப்?

கவர்_பித்து: ஏலத்தில் ஒரு அமெரிக்கக் கவர் எடுத்தேன். 1942 ஆகஸ்ட், கலிபோர்னியாவின் ஆர்கேடியா முத்திரை. கழுகு இறக்கையை 'வி' போல விரித்திருக்கும் ஊதா நிற 3 சென்ட் ஸ்டாம்ப். அனுப்புநர் ஜப்பானியப் பெயர். சான்டா அனிட்டா அசெம்பிளி சென்டர், பாரக் எண்ணோடு. பெறுநர் சான் டியேகோவில் ஒரு பெண்மணி. போர்க்கால முகாம் கடிதத்தில் தணிக்கை முத்திரையே இல்லையே, போலியா?

பழைய_தபால்: நீங்கள் சொல்வதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இலவசத் தபாலும் தணிக்கையும், எதிரி நாட்டவர் என்று பிடித்தவர்களைக் கைதிகளாக வைத்த நீதித்துறை முகாம்களின் சங்கதி. மொன்டானாவின் மிஸ்ஸூலா கோட்டை மாதிரி. சான்டா அனிட்டா வேறு ரகம். அதிபர் ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 19 அன்று 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்ட பிறகு, மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினரை உள்நாட்டு முகாம்கள் தயாராகும்வரை இங்கே அடைத்தார்கள். குதிரைப் பந்தய மைதானம்! 18,000 பேருக்கு மேல். பல குடும்பங்களுக்கு லாயம்தான் வீடு. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களைக் கைதிகள் என்று அரசு ஒப்புக்கொள்ளவில்லை. கைதி இல்லையென்றால் கைதிக்கான இலவசத் தபாலும் இல்லை, சொந்தக் காசில் 3 சென்ட் ஒட்டவேண்டியதுதான். ஆனால் வரும் பார்சல்களைப் பிரித்துச் சோதித்தார்கள். வேலிக்குள் இருப்பவர் காசு கொடுத்து அந்தக் கழுகு போட்ட 'போரில் வெல்வோம்' ஸ்டாம்ப் வாங்கி ஒட்டியிருக்கிறார் பாருங்கள்! அது ஜூலை 4 வெளியீடு, உங்கள் தேதி பொருந்துகிறது.

மதுரை_சேகரம்: சான் டியேகோ என்றதும் நூலகர் கிளாரா பிரீட் நினைவுக்கு வருகிறார். முகாமுக்கு ரயிலேறிய ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் ஸ்டாம்ப் ஒட்டி, தன் முகவரி எழுதிய அட்டைகளைக் கொடுத்து, கடிதம் போடச் சொன்னவர். அந்தக் கடிதங்கள் இப்போது லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கவர்_பித்து: பெறுநர் அவர் இல்லை, பெயர் வேறு. இதற்கு ஜோடி ஏதாவது தேடலாமா?

பழைய_தபால்: தாராளமாக. சான் டியேகோக்காரர்களில் பெரும்பாலோரை அந்த ஆகஸ்ட் கடைசியிலேயே அரிசோனாவின் போஸ்டன் (Poston) முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், சான்டா அனிட்டாவும் அக்டோபரில் மூடப்பட்டது. அதே கையெழுத்தில் போஸ்டன் முகவரியோடு ஒரு கவர் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அப்புறம், தயவுசெய்து ஸ்டாம்பை நனைத்து உரித்துவிடாதீர்கள். கோடிக்கணக்கில் அச்சடித்த ஸ்டாம்ப் அது, விலையெல்லாம் அனுப்புநர் முகவரிக்குத்தான்.